ஆறாம் கதவு ஐயாவு

"பெரட்டு முடியாம இந்த வீட்ட விட்டு ஒடம்பு போகாதுங்க" என்று சொல்லிவிட்டு, காளியம்மா இரு கைகளையும் விரித்துக் கதவின் இரண்டு பக்க நிலைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லோரியின் பின்பலகை இறக்கப்பட்டிருந்தது. அதில் புதுப்பாய் விரித்து, மேலே வெள்ளைத்துணி போட்டு வைத்திருந்தான் தேவதாஸ். வேறு லோரி அகப்படாததால் பாசிர் பெனம்பாங்கில் மீன் ஏற்றும் லோரியைத்தான் பிடித்துக்கொண்டு வர முடிந்தது. சோப்புத்தூள் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை.

சிவானந்தம் வாசலுக்குச் சற்றுத் தள்ளி நின்றார். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாத மனிதர். வெள்ளைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

"வழிய விடும்மா. செத்தவன் என் கூடப்பொறந்த தம்பி. அவன் என் வீட்டுலேருந்துதான் போகணும். ரவாங்குல பந்தல் போட்டாச்சு. சொந்தக்காரங்க வந்துகிட்டிருக்காங்க."

"தம்பிதான். யாரு இல்லேன்னா? ஆனா அவரு வீடு இதுதானுங்களே."

"இது வீடில்ல. தர்ம விடுதி."

காளியம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பிணம் கிடக்கும் வீட்டு வாசலில் ஒரு பெண்பிள்ளை அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

"தர்மமா? மாசாமாசம் வாடகை கட்டறோம்யா. கொறைச்ச வாடகைதான், ஆனா கட்டறோம். கட்ட முடியாதவங்க வாசல் கூட்டறோம், பின்னால காய்கறி போடறோம். சும்மா குந்தித் தின்ற ஆளு ஒருத்தரும் இங்க கிடையாது." பிறகு அவர் தோளுக்கு மேலாக லோரியை எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "அதுவும் மீன் லோரியிலயா? கிராணியாரோட தம்பிக்கா?"

மகன் தேவதாஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் சிரிப்பை அடக்குகிறான் என்பது சிவானந்தத்துக்குத் தெரிந்தது. பிள்ளை என்றாலும் சமயத்தில் மரியாதை தெரியாதவன்.

காலையில் தொலைபேசி வந்தபோது சிவானந்தம் சாமி அறையில் இருந்தார். இந்தப் புதுலய விடுதியைப் பார்த்துக்கொள்ளும் புஷ்பவள்ளி, கோலசிலாங்கூரில் ஒரு சீனன் கடையிலிருந்து பேசினாள். உங்க தம்பி ராத்திரித் தூக்கத்திலேயே போயிட்டாருங்க என்றாள். அவர் "சரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மிச்ச மந்திரத்தையும் சொல்லி முடித்தார். அதன் பிறகுதான் மகனைக் கூப்பிட்டார். நாற்காலிக்காரனுக்கும் பந்தல்காரனுக்கும் ஆள் அனுப்பினார். ரவாங் தாமான் குடியிருப்பில் அவர்கள் குடும்பத்தை எல்லாருக்கும் தெரியும். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய குடும்பத்திலிருந்து தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக நாற்காலியில் போய் உட்கார்ந்த முதல் ஆள் அவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு தம்பி, மீன் கொட்டகையிலும் பஸ் நிலையத்துப் பெஞ்சிலும் படுத்துக் கிடந்தான் என்று யாரும் பேசிவிடக் கூடாது. அதனால்தான் இத்தனை வருஷமாக, ஐயாவு சபாக் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் இருக்கிறான், அங்கே அவனுக்கு வீடு இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தார். கேட்டவர்களும் நம்பினார்கள். அவர் வாயிலிருந்து பொய் வரும் என்று நினைக்க யாருக்கும் காரணம் இருந்ததில்லை.

இன்று ஒரு நாள் தாண்டிவிட்டால் போதும். ரவாங்கில் இறக்கி, குளிப்பாட்டி, கோடி போட்டு, முறைப்படி எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

ஆனால் புதுலயம் சாவு நடந்த இடம் மாதிரியே இல்லை.

ஒரே வரிசையில் பத்துக் கதவுகள், கதவுக்கு ஓர் அறை. தகரக் கூரை, முன்னால் நீளமான ஐந்தடி வராந்தா. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது குடியிருந்த லயத்தைக் காலி செய்துவிட்டு எங்கே போவதென்று தெரியாத கிழவன் கிழவிகளுக்கும், கடைத்தெருவில் படுத்துக் கிடந்தவர்களுக்கும் என்று, தொழிற்சங்கமும் கோயில் கமிட்டியும் சேர்ந்து கட்டிய வரிசை அது. குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை அங்கே ஒரு சாவும் நடக்கவில்லை. இதுதான் முதல்.

அந்த முதல் சாவு அவர்களைத் தலைகால் புரியாமல் செய்திருந்தது. இரண்டாம் கதவுக்காரர் மூங்கிலை வெட்டிப் பாடை கட்டிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி நாலு பேர் நின்று கலர்த்தாளைப் பச்சையா சிவப்பா என்று சத்தம் போட்டு விவாதித்தார்கள். ஒரு கிழவி மடி நிறையச் செம்பருத்தி பறித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். புக்கிட் ரோத்தானிலிருந்து வந்திறங்கிய தப்புக்காரர்கள் தீ மூட்டித் தப்புப் பறையைக் காய்ச்சினார்கள். ஐயாவு மீன் பிரித்துக் கொடுத்த கொட்டகையின் முதலாளி ஒரு வண்டி ஐஸ்கட்டி அனுப்பியிருந்தார். அதைத் தலையில் சுமந்துகொண்டு வந்தவர்களுக்குக் குளிரில் பல் கிட்டியது. அதற்கும் ஒரு சிரிப்பு.

"இது என்ன சாவு வீடா, கல்யாண வீடா?" என்றார் சிவானந்தம்.

"கல்யாணத்துக்குக்கூட எனக்கு இப்படியெல்லாம் நடக்கலங்கய்யா" என்றாள் காளியம்மா. கைகளை இன்னும் எடுக்கவில்லை. "நான் மார்க்கெட்டு வாசல்ல படுத்துக் கெடந்தவ. பக்கத்துல ஒரு தாத்தா படுப்பாரு. ஒருநா காலைல எந்திரிக்கல. லோரி வந்துச்சு, தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருச்சு. அவரு பேரு என்னான்னு எனக்கும் தெரியாது, லோரிக்காரனுக்கும் தெரியாது. அன்னைலேருந்து லோரிய கண்டா எனக்கு ஆகாது." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "இப்பப் பாருங்க, ஐயாவண்ணனுக்குத் தப்பு வருது, பாடை வருது, பத்து வீட்டுச் சனமும் நிக்குது. இந்தக் கண்ணால பாத்துட்டேன். இனி எனக்கு எப்ப வந்தாலும் வரட்டும். ஆனா என் பாடைக்குப் பச்சத்தாளு வேணாம், ரோஸ்தான்னு சொல்லி வச்சிருக்கேன்."

சிவானந்தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேச்சை வளர்த்தால் தன் மதிப்புத்தான் குறையும்.

அதற்குள் அப்பளசாமி வந்து சேர்ந்தார். முதலாம் கதவுக்காரர். ஒரு காலத்தில் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கிய மண்டோர். வயிறு பெருத்துப்போனதால் பழைய காக்கிக் கால்சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியாமல் கயிற்றால் கட்டியிருந்தார். ஆனாலும் முகத்தைச் சவரம் செய்து, தொப்பி வைத்திருந்தார். சிவானந்தத்தைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"கிராணியாரே, வாங்க. காளி சொல்றது முறைதான். எங்க பழக்கம் அது. பெரட்டு முடியட்டும். அப்புறம் நீங்க எங்க வேணாலும் கொண்டு போங்க, நாங்களே தூக்கி வைக்கிறோம்."

பெரட்டு என்னவென்று சிவானந்தத்துக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. விடியுமுன் வேலையாட்களைத் தோட்டத்துக் களத்தில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். மண்டோர் கூப்பிட, விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து வருகை ஏட்டில் புள்ளி வைத்தவர் அவர்தான். பதில் வராத பெயருக்கு அன்று கூலி கிடையாது.

"இங்க எதுக்குப் பெரட்டு? என்ன வேலைக்குப் போறீங்க?"

"வேலைக்கு இல்லீங்க. எந்திரிச்சாச்சான்னு பாக்கத்தான்" என்றார் அப்பளசாமி. "வயசானதுங்க. தனித்தனியா கதவ சாத்திக்கிட்டுப் படுக்குது. உள்ள யாரு விழுந்து கெடந்தாலும் எப்படித் தெரியும்? அதான் காலைல நான் இரும்ப அடிச்சுப் பேரு கூப்பிடுவேன். உள்ளேருந்து சத்தம் குடுக்கணும். மேலுக்கு முடியலேன்னா அவங்க ஆளுங்க யாராச்சும் 'வீட்டுல இருக்காரு'ன்னு சொல்லணும். ஆளு இல்லாதவங்களுக்குப் பக்கத்துக் கதவு சொல்லும். யாருமே சொல்லலேன்னா ஒடச்சுக்கிட்டு உள்ள போயிருவோம்."

"இன்னைக்குக் காலைல ஆறாம் கதவுல சத்தமில்ல" என்றாள் புஷ்பவள்ளி. அவள் தன் அறை வாசலில் பெரிய பானையில் காப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். "நேத்துச் சாயங்காலம் பிரஷர் மாத்திரை நான்தான் குடுத்தேன். முழுங்கிட்டு, 'சீனி போடாம காப்பியாடி போடறே?'ன்னு ஏசினாரு. நல்லாத்தான் இருந்தாரு."

"காலைப் பெரட்டு ஆறாம் கதவோட நின்னு போச்சு" என்றார் அப்பளசாமி. "பாதியில நிக்கக் கூடாதுங்களே. தப்புச் சூடாகட்டும், முழுசா ஒருக்கா கூப்பிட்டுர்றேன்."

புஷ்பவள்ளி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து ஐந்தடியில் போட்டாள். "உள்ள வந்து தம்பிய பாருங்கய்யா" என்றாள்.

"இங்கேயே இருக்கேன்" என்றார் அவர். உட்காரவும் இல்லை.

ஆறாம் கதவுக்கு நிலைப்படி கிடையாது. எந்தக் கதவுக்கும் கிடையாது. வயதானவர்கள் தடுக்கி விழக் கூடாதென்று தரையை வாசலோடு சமமாக இழுத்துவிட்டிருந்தார்கள். தாண்டுவதற்கு ஒன்றுமே இல்லாத அந்த வாசலுக்கு வெளியே அவர் நின்றார்.

இந்த வீட்டுக்கு அவரை அழைக்கத்தான் ஐயாவு ஒருமுறை ரவாங்குக்கு வந்தான். சலவைச் சட்டை போட்டிருந்தான், தலையில் எண்ணெய் தடவி வாரியிருந்தான். "அண்ணே, வெள்ளிக்கெழம பால் காய்ச்சுறேன். நீங்க வந்து அடுப்பு பத்தி வைக்கணும்" என்றான். "விடுதியில எடம் குடுத்ததுக்கு எவனாவது பால் காய்ச்சுவானா?" என்று அவர் கேட்டார். போகவில்லை. அதற்கு முன்னால் லயத்தைவிட்டு வந்தபோது தம்பியைத் தன் வீட்டில்தான் வைத்துக்கொண்டார். பின்னறை கொடுத்தார், கட்டில் கொடுத்தார். விளக்கு வைக்குமுன் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும், கள்ளு வாடை கூடாது, வந்தவர்கள் முன்னால் வந்து நிற்கக் கூடாது. எந்த மரியாதையான வீட்டிலும் இருக்கிற ஒழுங்குதான். ஒரு மாதம் இருந்தான். பிறகு போர்வையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். மீன் கொட்டகையில் தேடிப் பிடித்து ஏனடா என்று கேட்டபோது, கோபமே இல்லாமல் சொன்னான்: "நல்லாத்தான் வச்சிருந்தீங்கண்ணே. ஆனா வீடுன்னா நான் உள்ளேருந்து தாப்பா போடணும்."

பின்னறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியே இருந்தது. அது முன்பு சாமான் அறை.

சாலைத் திருப்பத்தில் ஹாரன் சத்தம் கேட்டது. புத்தம் புதிய புரோட்டான் சாகா கார் ஒன்று மண் பாதையில் குலுங்கிக்கொண்டு வந்து, மீன் லோரிக்குப் பின்னால் நின்றது. முன்கதவு திறந்து தங்கை தாயம்மா இறங்கினாள்.

சிவானந்தம் விருட்டென்று மகன் பக்கம் திரும்பினார்.

"அத்த போன் பண்ணிச்சுப்பா. சபாக்குல எந்த எடம், நேரா போயிர்றேன்னு கேட்டுச்சு" என்றான் தேவதாஸ். "நான் எந்த எடத்த சொல்றது? உள்ளத சொல்லிட்டேன்."

தாயம்மா பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து வருகிறாள். மூட்டுவலிக்காரி. தன் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு, தலைமயிரை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, "என் ராசா" என்று குரல் எடுத்தபடி வந்தாள். காளியம்மா உடனே கையை எடுத்து வழிவிட்டாள். அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு வழிவிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தாயம்மா அண்ணனைப் பார்க்காமலேயே அவரைக் கடந்து உள்ளே போனாள்.

உள்ளே ஒப்பாரி எழுந்தது. காளியம்மாவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். வெளியே இளைஞனைப் போல அப்பளசாமி அங்குமிங்கும் ஓடி, காருக்கு நிழல் பார்த்து இடம் காட்டினார். சிவானந்தம் வெயிலில் நின்று காத்திருந்தார். இனி தங்கை வெளியே வந்து கேட்பாள். ஊர் முழுவதும் சொல்வாள். அவர் சொன்ன தென்னந்தோட்டம் இன்றோடு முடிந்தது.

ஒப்பாரி அடங்கியது. தாயம்மா வாசலில் வந்து நின்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அண்ணே."

"ம்."

"சபாக்குல வீடு இருக்குன்னு சொன்னே."

தப்புக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஊருதான் வேற" என்றாள் தாயம்மா. "மத்தபடி வீடு இருக்கத்தான் செய்யுது. அடுப்படி எப்படித் தொடச்சு வச்சிருக்கான் தெரியுமா? அந்தப் பய, சின்னப் புள்ளைல போட்டது போட்டபடி கெடக்கும். அம்மா படத்துக்குப் பூ போட்டிருக்கான். குளிக்கிற எடத்துல கையால பிடிக்க இரும்புக் கொழா வச்சிருக்கு, எனக்கு வேணும்னு என் மவன்கிட்ட நாலு வருசமா கேக்கறேன்." அவள் சட்டென்று நிறுத்தி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீ ஏன் வெளிய நிக்கிற?"

அவர் வாய் திறக்குமுன் இரும்பு அடிக்கப்பட்டது.

ஐந்தடியின் ஓரத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு அது. அப்பளசாமி ஒரு போல்ட்டால் அதை அடித்த அடியில் வாழைத்தோப்பிலிருந்து பறவைகள் எழும்பின. கலர்த்தாள் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் கைப்பசையோடு ஓடினார்கள். ஒவ்வொருவரும் தத்தம் கதவுக்கு முன்னால் போய் நின்றார்கள். கம்பூன்றியவர் நிமிர்ந்தார். புஷ்பவள்ளி கரண்டியோடு நின்றாள். காளியம்மா ஐந்தாம் கதவுக்குப் போனாள். அங்கிருந்த எல்லா முகத்திலும், விடியற்காலையில் புதுத் தோட்டத்துக்குப் பெயர் பதிந்துகொண்டு முதல்நாள் பெரட்டுக்கு வந்தவர்களின் பரபரப்பு இருந்தது. சிவானந்தம் அந்த முகங்களை ஆயிரம் முறை பார்த்திருக்கிறார். தன்னையறியாமல் அவர் கை சட்டைப் பையில் பென்சிலைத் தேடியது.

"ஒண்ணாம் கதவு அப்பளசாமி, நானே இருக்கேன்!" என்று கத்தினார் அப்பளசாமி. குரல் வரிசையின் கடைசிவரை போயிற்று. "ரெண்டாம் கதவு!"

"வந்தேன்!"

"மூணாம் கதவு!"

"இருக்கேன் மண்டோரே!"

நாலாம் கதவுக் கிழவருக்குக் காது கேட்காது. பக்கத்திலிருந்தவர் இடிக்க, அவர் "ஆ, இருக்கேன், இருக்கேன்" என்று இரண்டு முறை சொன்னார்.

"அஞ்சாம் கதவு காளியம்மா!"

"எங்க போவேன்? இருக்கேன்!"

"ஆறாம் கதவு ஐயாவு!"

சத்தம் நின்றது. தப்புக் காயும் தீயில் ஒரு சுள்ளி வெடித்தது. வரிசையில் யாரும் ஆறாம் கதவைப் பார்க்கவில்லை. எல்லாரும் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பக்கத்துக் கதவு காளியம்மாதான் சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். கழுத்தை மட்டும் மெல்லத் திருப்பிச் சிவானந்தத்தைப் பார்த்தாள்.

"ஆறாம் கதவு ஐயாவு!" அப்பளசாமி இன்னொரு முறை கூப்பிட்டார். இந்த முறை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சிவானந்தம் தொண்டையைச் செருமினார். ஆபீஸ் வராந்தாவில் நின்று பேசிய அதே குரல், நடுங்காமல் வந்தது.

"வீட்டுல இருக்கான்."

அப்பளசாமி தொப்பியைத் தொட்டார். "ஏழாம் கதவு!" என்றார்.

பத்தாம் கதவுவரை முடிந்ததும் வரிசை கலைந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். இரண்டு கிழவர்கள் சொன்ன சொல் மாறாமல் தூக்குவதற்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். தேவதாஸ் லோரியின் பக்கம் நடந்தான்.

"எங்க போற?" என்றார் சிவானந்தம்.

"லோரிய கிட்ட எடுக்கச் சொல்லப்பா."

"அத அனுப்பிடு. பேசின கூலிய குடுத்து அனுப்பிடு. நீ சீனன் கடைக்குப் போயி ரவாங்குக்குப் போன் பண்ணு. பந்தல்ல இருக்கறவங்க எல்லாரையும் இங்க வரச் சொல்லு."

"இங்கேன்னா..." தேவதாஸ் தயங்கினான். "என்ன எடம்னு சொல்றது?"

"ஐயாவு வீடுன்னு சொல்லு. ஆறாம் கதவு." பிறகு, கடிந்துகொள்கிற மாதிரி, "சீக்கிரம் போடா. நீதான் கொள்ளி வைக்கணும், குளிக்க வேணாமா?" என்றார்.

காளியம்மா கையைத் தட்டினாள். "ஏ மண்டோரே, கேட்டியா? ரவாங்கு சனமெல்லாம் வருதாம்! புஷ்பா, காப்பிக்கு இன்னொரு பானை வையி! பாடைக்கு இன்னும் பூ வேணும்டி!" கிழவிகள் செம்பருத்திச் செடிகளை நோக்கி மறுபடி ஓடினார்கள்.

சிவானந்தம் செருப்பைக் கழற்றினார். குனிந்து ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக நேராக வைத்தார். உள்ளே போனார்.

அறை சிறியது. கட்டில், ஒரு மேசை, சுவரோடு அடுப்பு மேடை. கட்டிலுக்கடியில் மரத்தூளில் ஐஸ்கட்டி கரைந்துகொண்டிருந்தது. ஐயாவுவின் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். அது அவனுக்குப் பல்வலி வந்த சிறுபிள்ளைத் தோற்றத்தைக் கொடுத்தது. சிவானந்தம் முகத்தை அதிக நேரம் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார். காலையில் முட்டித் திறந்ததில் உள்தாழ்ப்பாள் பெயர்ந்து, ஒரே ஒரு திருகாணியில் தொங்கியது. மற்ற திருகாணிகளைத் தேடினார். ஒன்று கட்டில் காலடியில் கிடந்தது, ஒன்று கதவிடுக்கில். முழங்காலில் கையூன்றிக் குனிந்து பொறுக்கினார்.

"யாருகிட்டயாச்சும் திருப்புளி இருக்கா?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டார்.

அப்பளசாமி எங்கிருந்தோ ஒன்று கொண்டுவந்தார். "நான் போடறேன் கிராணியாரே."

"வேணாம். நான் போடறேன்."

மரம் நைந்திருந்தது. தீக்குச்சியை ஒடித்து ஓட்டையில் திணித்து, அதன் மேல் திருகாணியை வைத்து முறுக்கினார். நெற்றியிலிருந்து வியர்வை சட்டைமேல் விழுந்தது. கழுத்துப் பொத்தானை அவிழ்த்துவிட்டுக்கொண்டார். தாயம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசித் திருகாணியும் இறங்கியது. அவர் தாழ்ப்பாளை அசைத்துப் பார்த்தார். தங்கையின் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. சரியா பிடிக்குதான்னு பாக்கணும்."

தாயம்மா எழுந்து, சுவரைப் பிடித்து வெளியே வந்தாள். கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

தப்புக்காரர்கள் முதல் அடிக்குக் கை ஓங்கியிருந்தார்கள். காளியம்மா அவர்களைப் பார்த்துக் கையமர்த்தினாள்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.